மூன்று எழுத்து அகலம்

அந்த நாற்காலியின் கால் ஒடிந்ததல்ல. ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கியதிலிருந்து நாற்பது பில் போட்டுவிட்டேன், நாற்பது பேரிடமும் மறுபடி வாங்க என்று சொல்லிவிட்டேன், வாய் அதைச் சொல்லும்போதெல்லாம் உள்ளே இது ஒன்றுதான் ஓடுகிறது: கால் ஒடிந்ததல்ல, நகர்ந்தது. மூன்று எழுத்து அகலம் இடப்பக்கம் நகர்ந்தது. அதற்குப் பெயர் ஒடிவது இல்லை. ஆனால் இந்த மூன்று மாடி ஜவுளிக்கடையில் நூற்றிருபது பேர் அந்த நாற்காலிப் படத்தைப் போனில் பார்த்துவிட்டு ஒடிந்த கால் என்றே முடிவு செய்துவிட்டார்கள், முதலாளியும் சேர்த்தி. முதலாளிக்கு வலது கால் சரியில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவர், இழுத்து இழுத்துத்தான் நடப்பார். நாற்காலியில் நகர்ந்ததும் வலது கால். எனக்கு நேர் எதிரே, வாசலை ஒட்டி மாடிப்படி தொடங்கும் இடத்தில், செக்யூரிட்டி மேசைக்குப் பக்கத்தில் இசக்கியம்மாள் நிற்கிறாள். இரண்டாவது மாடியில் பட்டுச் சேலை விரித்துக் காட்டுகிறவள், இருபத்து மூன்று வயது, வள்ளியூர்ப் பக்கம். காலையில் வந்ததும் மேனேஜர் தங்கப்பழம் அவளை மேலே போக விடவில்லை. "இங்கனயே நில்லு. பன்னெண்டு மணிக்கு முதலாளி வாராக. அதுக்குள்ள அதை வரைஞ்சது யாருன்னு தெரியணும். தெரிஞ்சா நீ மேல போயி வேலையப் பாரு. இல்லைன்னா பையத் தூக்கிட்டு ஊருக்கு பஸ் ஏறு." அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "பார்வர்டா வந்துச்சு சார்." "எங்கருந்துட்டி வந்துச்சு?" "தெரியலை சார்." தெரியும். இந்தக் கடையில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நிற்கிறாள். இன்னொருத்தி பில்லிங் கவுண்டரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, அடுத்து வந்தவரிடம் "ஒரே பில்லாம்மா, பிரிச்சுப் போடணுமா" என்று கேட்கிறாள். மணி பதினொன்று ஐந்து.

வரைந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. பேனா இல்லை, தாள் இல்லை. கீபோர்டில் இருக்கும் நேர்கோடு, சாய்கோடு, அடிக்கோடு, புள்ளி, அடைப்புக்குறி, இவற்றைத் தட்டித் தட்டி வரிவரியாக அடுக்குவது. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் பூனை தெரியும், பஸ் தெரியும். போனில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது, எழுத்துப்படம் என்று பெயர், முந்நூறு பேர், ஒருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை. ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையில் இருக்கும் தர்மலிங்கம் இன்ஜின் மட்டுமே போடுவார். பினாங்கில் பல் டாக்டராக இருக்கும் ஒரு அம்மா மீன் போடுவார். நான் சாமான் போடுகிறேன். குக்கர், தையல் மெஷின், டிபன் கேரியர். மனித முகம் எனக்கு வராது. ஆரம்பத்தில் தமிழ் எழுத்திலேயே போட்டுப் பார்த்தேன். ட என்ற எழுத்தைப் பார்த்தாலே பாதி நாற்காலி மாதிரி இருக்கிறதே என்று ஓர் ஆசை. ஆனால் தமிழில் ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வோர் அகலம், ஒரு ணை வந்தால் மூன்று பேர் இடத்தைப் பிடித்துக்கொண்டு சம்மணம் போட்டுவிடும், மேல்வரியும் கீழ்வரியும் ஒன்றுக்கொன்று நேராக நிற்காது. இந்த வேலைக்கு முதல் விதியே அதுதான், எல்லாம் ஒரே அகலம். இடைவெளியும் ஓர் எழுத்து. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதற்கும் ஓர் இடம் உண்டு, எடுத்தால் பக்கத்தில் இருப்பது சரிந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது விதி பெயர். படம் போட்டவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் படத்துக்குள்ளேயே எங்காவது வைப்பார், சின்ன ஆங்கில எழுத்தில், இன்ஜின் சக்கரத்துக்குப் பின்னால், மீன் வாலுக்கு அடியில். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் அனுப்பலாம், அந்த எழுத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. தர்மலிங்கத்தின் இன்ஜினை ஒருவன் பெயரை நறுக்கிவிட்டுத் தன் படமாகப் போட்டுக்கொண்டான். குழுவே அவன்மேல் பாய்ந்தது. அவன் நறுக்கிய இடத்தில் சக்கரம் கோணிப்போயிருந்தது. பினாங்கு அம்மா எழுதினார்: "பல்லைப் பிடுங்கினா ஓட்டை தெரியத்தான் செய்யும் தம்பி." அன்று நானும் சிரித்தேன். என் பெயர் அ. குழந்தைத்தெரஸ். ஏ, கே, டி. நாற்காலியில் அதை இருக்கைக்குக் கீழே இரண்டு காலுக்கும் நடுவில் வைத்தேன். போன வாரம் கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம், இதே கவுண்டரில், இதே ஸ்டூலில் உட்கார்ந்து. அதுதான் முள்ளாக நிற்கிறது. நிற்கிறவர்களுக்கான நாற்காலியை உட்கார்ந்துகொண்டு போட்டேன்.

"கார்டு எடுப்பீங்களாக்கா?" எடுப்போம், தாங்க. பின் நம்பர் போடுங்க. இந்தப் பெண்ணுக்கு அழகான விரல்கள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இசக்கியின் விரல்தான் என் போன்மேல் வந்து நின்றது. "இது என்னதுக்கா, கோலமா?" "நாற்காலிடி." "யாருக்கு?" "யாருக்கு வேணும்?" அவள் சிரித்துக்கொண்டே யூனிபார்ம் சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தூக்கிக் காட்டினாள். "இவியளுக்கு." இரண்டும் வீங்கி, கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது. "எனக்கு அனுப்பிவிடுங்கக்கா. வந்து மூணு வருசத்துல இந்தக் கடையில நான் பாக்குத மொத நாற்காலி." அனுப்பினேன். பெருமையாகவே அனுப்பினேன், அதை மறைப்பானேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அதைக் கடை வாட்ஸப் குழுவில் போட்டாள், மேனேஜர் அன்றைக்கு எவ்வளவு விற்க வேண்டும் என்று போட்டதற்கு நேர் கீழே. "நம்ம செக்‌ஷனுக்கு ஒண்ணு வந்திருக்கு, யாரு மொதல்ல உக்காருதியோ?" என்று ஒரு வரியும் எழுதினாள். போடுவதற்கு முன்னால் என் பெயரை எடுத்துவிட்டாள். "உங்களுக்கு வம்பு வந்துரக் கூடாதுல்லாக்கா, அதான்." நல்ல மனசு. நல்ல மனசுக்கு இடைவெளி வைக்கத் தெரியவில்லை. மூன்று எழுத்தை அழித்தவள் அந்த இடத்தில் மூன்று முறை ஸ்பேஸ் தட்டியிருக்க வேண்டும். அவளுக்கு யார் சொல்லித்தந்தது? அந்த வரியில் வலது கால் மூன்று எழுத்து உள்ளே வந்து, முட்டிக்குக் கீழே உடைந்த மாதிரி ஆனது. அதைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். "குடுத்தாலும் இப்படித்தான் குடுப்பானுக" என்றான் ரெடிமேட் பிரிவு ஸ்டீபன். "போட்டவன் கில்லாடிய்யா, கால ஒடிச்சுவிட்டான் பாரு." அறுபது எழுபது சிரிப்பு முகங்கள். என் வாழ்நாளில் இத்தனை பேர் என்னைப் பாராட்டியதில்லை, பாராட்டியது என் பிழையைக்கூட இல்லை, என் பெயர் இல்லாமல் போன ஓட்டையை. போட்டவன் என்றுதான் சொன்னான், போட்டவள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. சரியான படத்தை அனுப்பிவிடலாம் என்று கட்டைவிரல் போனது. அனுப்பவில்லை. திங்கள் மதியம் யாரோ ஒரு விசுவாசி முதலாளியிடம் காட்டியிருக்கிறான். கொஞ்ச நேரம் பார்த்தாராம். போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டாராம். திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. தீபாவளிக்கு ஒவ்வொரு மாடியாக அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஏறி, தன் கையால் எல்லோருக்கும் ஸ்வீட் பெட்டி கொடுக்கிறவர். அந்த மனிதரின் காலை நான் கேலி செய்தேன் என்று இந்த ஊர் இருக்கும்வரை பேசுவார்கள். செய்யவில்லை. நான் கேட்டது வேறு. அவர் காலைப் பற்றி அல்ல, எங்கள் காலைப் பற்றி.

சட்டம் வந்து வருடங்கள் ஆகின்றன. கடையில் நிற்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும். வந்த மாதமே பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார்கள், நான்தான் அந்த ரசீதைக் கோப்பில் வைத்தேன். குடோனில் ஒன்றின்மேல் ஒன்றாக, பாலிதீன் உறையோடு இருக்கின்றன. ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் முதல் நாள் இறக்கித் துடைப்பார்கள், மாடிக்கு நாலு போடுவார்கள், பெண்களை அதற்குப் பக்கத்தில் நிற்க வைப்பார்கள். உட்கார்ந்தால் உறை கிழிந்துவிடும். நான் எட்டு வருடம் சுடிதார் பிரிவில் நின்றவள். இடது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்ட பிறகுதான், கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லி, கெஞ்சி, இந்த ஸ்டூலுக்கு வந்தேன். முதுகு இல்லாத ஸ்டூல். இருந்தாலும் ஸ்டூல். இப்போது எனக்கு நாற்பத்தொன்று. இனி எந்தக் கடையும் என்னை உட்கார வைத்தும் வேலை தராது, நிற்க வைத்தும் தராது. இந்தக் கணக்கைக் காலையிலிருந்து போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் விடை ஒன்றுதான் வருகிறது, அந்த விடைக்குள் இசக்கி இல்லை. அவள் இப்போது எடையை வலது காலுக்கு மாற்றுகிறாள். இரண்டு நிமிடம். பிறகு இடது. எனக்கு அந்த ஆட்டம் தெரியும், சுவர் கிடைத்தால் முதுகை ஒட்டிக்கொள்வோம், மேனேஜர் தலை தெரிந்தால் பிய்த்துக்கொள்வோம். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நான் எழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறாள். எழுந்துவிடமாட்டேன் என்று பயப்படுகிறாளோ. நான்தான் சார். இரண்டே சொல். ஆனால் அதை மட்டும் சொல்லிப் பயன் என்ன? ஒடிந்த காலைப் போட்டவள் நான் என்று ஆகும், கொடுத்தவள் ஒருத்தி, பரப்பியவள் ஒருத்தி என்று இரண்டு பேரும் பஸ் ஏறுவோம். சரியான படத்தைக் காட்டினால்? இப்போது திருத்திக்கொண்டு வந்திருக்கிறாய் என்பார்கள். திருத்தியதில்லை என்பதற்குச் சாட்சி ஒன்றே ஒன்றுதான் உண்டு. கால் எவ்வளவு விலகியிருக்கிறதோ, என் பெயரும் அதே அகலம். மூன்று. ஒரு புள்ளி கூடாது, ஒரு புள்ளி குறையாது. என் பெயர் உள்ளே போனால் கால் தானாக நேராக நிற்கும். என் பெயர் இல்லாமல் அது நிற்காது. மணி பதினொன்று முப்பத்தைந்து.

பில் பிரிண்டர் கிர்ரென்று கக்குகிறது. இதை இத்தனை நாள் வெறும் சத்தமாகவே கேட்டிருக்கிறேன். இதற்குத் தமிழ் தெரியாது, கடைப் பெயரையே ஆங்கிலத்தில்தான் அடிக்கும், ஆனால் அகலம் தெரியும். ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து, எல்லாம் ஒரே அகலம், வெற்றிடம் உட்பட. சில போன்களில் கோணிப்போகிற படம்கூட இதில் கோணாது. பில்லின் அடியில் ஆறு வரி நம் இஷ்டம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, எல்லாம் நான்தான் மாற்றுவேன், அதற்கான பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. இப்போது அங்கே விற்ற துணி வாபஸ் இல்லை என்று இரண்டு வரி, நன்றி என்று ஒரு வரி, மீதி வெறும் நட்சத்திரக் குறி. நாற்காலி ஒன்பது வரி. மூன்றை எடுக்க வேண்டும். எதை? முதுகை எடுக்கலாம், முதுகுதான் நான்கு வரி, எடுத்தால் சுலபமாக முடிந்துவிடும். முதுகை எடுத்தால் ஸ்டூல் ஆகிவிடும். ஸ்டூல் என்னிடமே இருக்கிறது. நான் கேட்டது சாய்ந்துகொள்ள. "இந்த ரெண்டும் கிப்ட் பேக் பண்ணணும்ங்க." மூணாவது கவுண்டர்ல கேளுங்க சார். முதுகில் ஒரு வரி குறைத்தேன், மூன்று சட்டம் போதும். இருக்கையில் ஒன்றும் குறையக் கூடாது. கால் நான்கு வரி, அதை இரண்டாக்கினேன், குட்டையான கால், குட்டையாக இருந்தால் தரையில் நன்றாகத்தான் நிற்கும். மூன்றும் ஒன்றும் இரண்டும் ஆறு. விற்ற துணி வாபஸ் இல்லை போய்விட்டது, இன்று ஒரு நாள் வாபஸ் வாங்கிக்கொள்ளட்டும். நன்றியும் போய்விட்டது. வரிக்கு முன்னால் விடும் இடைவெளியை இந்த மென்பொருள் தின்றுவிடும், அதனால் ஒவ்வொரு வரியையும் ஒரு புள்ளியில் தொடங்கி ஏமாற்ற வேண்டும், அது குழுவில் தர்மலிங்கம் சொல்லிக்கொடுத்தது. முதல் கால் வரியில் இடது கோட்டைத் தட்டினேன். அடுத்து பெயர். இங்கேதான் நின்றேன். ஸ்பேஸ், ஸ்பேஸ், ஸ்பேஸ். அப்படித் தட்டினாலும் கால் நேராகத்தான் நிற்கும், யார் போட்டது என்று பிரிண்டர் சொல்லாது. இடைவெளியும் ஓர் எழுத்துதானே தெரஸ், அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளேன். எட்டு வருடம் நின்றபோதும் அப்படித்தான் இருந்தேன், இடத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல். ஒரு விரல் ஸ்பேஸ் பட்டையின் மேலேயே இருந்தது. எதிரே இசக்கி மறுபடி இடது காலுக்கு மாறினாள். ஏ. கே. டி. பிறகு வலது கோடு. சேமி என்பதை அழுத்தினேன். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

முதல் பில் திருமங்கலத்திலிருந்து மகன் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த அம்மாவுக்கு. நீளமான பில், நாற்பது உருப்படி, அடிவரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போனவர் நின்றார். "இதென்ன தாயி, பரிசுக் கூப்பனா?" "நாற்காலிம்மா." "எங்க?" "எங்கயும் இல்லம்மா. அதான் பில்லுல இருக்கு." அவர் என்னைப் பார்த்தார். திரும்பி, தனக்கு இரண்டு மணி நேரம் சேலை விரித்த பெண்கள் நிற்கும் மாடியைப் பார்த்தார். "ஆமா, அந்தப் புள்ளைக ஒருத்தி கூட உக்காரலியே. நாந்தான் உக்காந்து உக்காந்து எந்திரிச்சேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பில்லை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வாசலில் செக்யூரிட்டி பில்லை வாங்கி ஓட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். மாணிக்கம் அண்ணன் ஓட்டை போடும் கருவியை வாய்திறந்து வைத்தபடியே அதைப் பார்த்தார், பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினார். இசக்கி பார்த்தாள். காலைப் பார்த்தாள், காலுக்கு நடுவே பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். போடி. இரண்டாவது பில், மூன்றாவது பில், நான்காவது. நான்கு நாற்காலிகள் கடையை விட்டு வெளியே போய்விட்டன, இனி எந்தக் குடோனிலும் அவற்றை அடுக்க முடியாது. ஐந்தாவதை மாணிக்கம் அண்ணன் கையிலிருந்து தங்கப்பழம் பிடுங்கினார். கவுண்டருக்கு வந்து பில்லை என் கீபோர்டின் மேல் வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்ன தெரஸ் இது? உனக்கென்ன கிறுக்கா?" "பில் சார்." "அடியில கெடக்கது என்னது?" "நாற்காலி. ஞாயித்துக்கிழமை வந்ததும் இதுதான். நான் போட்டது. கால் ஒடியல சார், என் பேர எடுத்ததால உள்ள வந்துருச்சு. போன்ல இருக்கதையும் இதையும் பக்கத்துல வச்சு எண்ணிப் பாருங்க, மூணு எழுத்து. பேரும் மூணு எழுத்து. முதலாளி காலுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இசக்கி, சுதா, கமலம், மாடியில நிக்கிறவங்க காலுக்குத்தான் சம்பந்தம்." "மொதல்ல அத மாத்து." "முதலாளி பாத்ததும் மாத்துறேன்." "வேலை போயிரும்ளா." "தெரியும் சார். யாருன்னு தெரிஞ்சா அவ மேல போகலாம்னு சொன்னது நீங்க. தெரிஞ்சுபோச்சு. அனுப்புங்க." அவர் வாயைத் திறந்தார், வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டு மூடிக்கொண்டார். படிக்கட்டுப் பக்கம் பார்க்காமலே கையை மட்டும் மேலே ஆட்டினார். இசக்கி கம்பியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தாள், ஏறாமல் அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தாள். ஒரு காலடி, ஓர் இழுப்பு. ஒரு காலடி, ஓர் இழுப்பு. முதலாளி வரும் சத்தம் இந்தக் கடையில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டூலைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் வந்தால் எழுவது வழக்கம்தான், இன்று எழுந்தது அதற்கில்லை. நிற்க வைத்து வேலை வாங்கிய கடை, எனக்கு நிற்கத் தெரியும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். அதற்குள் செக்யூரிட்டி மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்த ஆறாவது பில்லை அவர் எடுத்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைத்தடியை மேசையில் சாய்த்து வைத்து, அடியைப் படிக்கிறார். அவரும் நின்றுகொண்டுதான் படிக்கிறார். இன்னும் தலையைத் தூக்கவில்லை. எனக்கு முன்னால் அடுத்த வாடிக்கையாளர், இரண்டு லுங்கி, ஒரு துண்டு. தட்டினேன். தாள் சூடாக ஏறி வந்தது, கடைப் பெயர் வந்தது, லுங்கி வந்தது, துண்டு வந்தது, பிறகு முதுகு வந்தது, இருக்கை வந்தது, கடைசியாகக் கால்கள், இரண்டும் நேராக, நடுவில் என் மூன்று எழுத்து.